ஆள்காட்டியின் நான்கு முட்டைகள்

இரவு பத்து மணிக்குப் பின்னர், பதுளை நகரின் சந்தடி ஓய்ந்த வேளையில், பதுளு ஓயாவை அடுத்த வயல்வெளியிலிருந்து ஒரு பறவையின் குரல் என் வீட்டு முற்றம் வரையில் வந்து சேர்வதுண்டு. நிலாக் காலங்களில் அக்குரல் அதிகம். நாலைந்து கூரிய அசைகளைச் சேர்த்து, அவசரமும் கோபமும் கலந்து, யாரையோ அதட்டுவதுபோல அஃது ஒலிக்கும். என் மனைவி அதைக் கேட்டால், "வயலுக்குள்ள யாரோ நடக்கிறாங்க போல" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். நானோ எழுந்து வாசலுக்குப் போய் நின்று கேட்பேன். ஐம்பது ஆண்டுகளாக இந்தப் பறவைக்கும் எனக்கும் இடையில் ஒரு கணக்குத் தீராமற் கிடக்கிறது.

பறவையின் பெயர் ஆள்காட்டி. ஆட்காட்டி என்போரும் உளர். மட்டக்களப்புப் பக்கத்தில் ஆக்காண்டி என்பார்கள். அங்கே வழங்கும் நாட்டுப்பாடல் ஒன்று இப்பறவையின் முட்டைகளையும் குஞ்சுகளையும் பற்றியதே. கவிஞர் சண்முகம் சிவலிங்கம் அப்பெயரையே தலைப்பாக வைத்து ஒரு கவிதை இயற்றினார். காட்டில் மனிதன் நுழைந்தால் மானுக்கும் மரைக்கும் அவன் வரவைக் கூவி அறிவித்துவிடும் என்பதால் வேட்டைக்காரர் வைத்த பெயர் இது. வேட்டைக்காரனுக்கு அது வசை. மானுக்கு அதுவே வாழ்த்து. நம்மவர் பேச்சிலோ ஆள்காட்டி என்றால் காட்டிக்கொடுப்பவன் என்ற பொருளும் சேர்ந்துவிட்டது. பாவம், அந்தப் பறவை எவரையும் காட்டிக்கொடுப்பதற்காகக் கத்துவதில்லை. எதற்காகக் கத்துகிறது என்பதை நான் பதினொரு வயதில் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டு செய்த காரியந்தான் இங்கே சொல்ல வந்தது.

பார்த்திராத வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை. நாட்டுக் கோழியைவிடச் சிறியது. நீண்ட மஞ்சட் கால்கள். வெண்கலம் தோய்ந்த பழுப்பு முதுகு. தலையும் கழுத்தின் முன்புறமும் மார்பும் கறுப்பு. கண்ணின் பின்னிருந்து ஒரு வெள்ளைப் பட்டை கழுத்தின் பக்கமாக இறங்கி வயிற்று வெண்மையோடு கலக்கும். அலகு சிவப்பு, நுனி கறுப்பு. கண்ணுக்கு முன்னால் சிவந்த சதைமடிப்பு ஒன்று உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ குங்குமத்தைத் தவறான இடத்தில் இட்டுவிட்டதுபோல் இருக்கும். மரக்கிளையில் இப்பறவையை ஒருவரும் கண்டிருக்க மாட்டார்கள். கிளையைப் பற்றுவதற்கு வேண்டிய பின்விரல் அதற்குப் பெயரளவிலேயே உண்டு. ஓடுவதற்கென்றே அமைந்த கால் அது. ஆகையால் உண்பது, உறங்குவது, முட்டையிடுவது எல்லாம் தரையிலேதான்.

எங்கள் தோட்டம் பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் பக்கத்தில், நமுனுகுலை மலையின் சரிவில் இருந்தது. அந்த மலை 6,600 அடிக்கு மேல் உயர்ந்தது. அதன் தலையில் எப்போதும் ஒரு மேகம் உட்கார்ந்திருக்கும். மே மாதத்திற்குப் பின் தென்மேற்குப் பருவ மழை மலைநாட்டின் மேற்குப் பகுதியை நனைத்துக்கொண்டிருக்கும்போது, ஊவாவுக்கு அந்தக் காற்று மட்டுமே வந்து சேரும், மழை வராது. காய்ந்த கச்சான் காற்று மானாப்புல்லை இரவும் பகலும் சீவிக்கொண்டிருக்கும். அந்த வறட்சியில் துளிர்க்கும் கொழுந்துக்குத்தான் உலகச் சந்தையில் ஊவாத் தேயிலை என்ற தனிப்பெயர் கிடைத்தது. அதே வறட்சியில்தான் ஆள்காட்டியும் எங்கள் பத்தனைகளின் ஓரத்தில் முட்டையிட்டது.

1974ஆம் ஆண்டு ஜூன் மாதம். கடைசி லயத்துக்குப் பின்னால், பழைய தேயிலையைப் பிடுங்கி எறிந்துவிட்டு மறுநடுகைக்காக வெறுமையாக விட்டிருந்த ஒரு சரளைப் பூமி. அதற்கப்பால் பத்தனை, பத்தனையின் அடியில் ஓர் ஓடை. அடுத்த காம்பராவில் இருந்த என் தோழனும் நானும் விறகு பொறுக்கப் போகும்போதெல்லாம் இரண்டு ஆள்காட்டிகள் தலைக்கு மேலே வந்து கத்தின. முட்டை இருக்கிறது என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. அவை மிகுதியாகக் கத்திய இடத்திலே குனிந்து குனிந்து தேடினோம். மூன்று நாள் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை.

நான்காம் நாள் என் தோழன் ஒரு யோசனை சொன்னான். அவனுக்கு என்னைவிட ஒரு வயதுதான் கூட. ஆனாலும் பொறுமையில் பெரிய மனிதன். "டேய், அது கத்துற எடத்துல முட்டை இல்லடா. கத்தாம இருந்த எடத்துலதான் இருக்கு" என்றான். இருவரும் தூரத்தில் ஒரு பாறையின் பின்னே படுத்துக்கொண்டோம். எறும்பு கடித்தது, அசையவில்லை. அரைமணி நேரத்தில் ஒரு பறவை தரையில் இறங்கிற்று. நேரே போகவில்லை. நாலடி ஓடும், நிற்கும், எதையோ கொத்துவதுபோலப் பாசாங்கு செய்யும், மறுபடி வேறு திசையில் ஓடும். கடைசியில் ஓரிடத்தில் தயங்கி நின்று, வயிற்று இறகுகளைச் சிலுப்பி, மெல்ல அமர்ந்தது. அமர்ந்ததும் காணாமற் போயிற்று! கண் முன்னே இருக்கும் பறவையைக் கண்ணால் காண முடியவில்லை.

நாங்கள் எழுந்து நின்றவுடன் நடந்ததையும் அன்றுதான் கவனித்தோம். அமர்ந்திருந்த பறவை கத்தவில்லை; பறக்கவுமில்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓசையின்றி ஓடிற்று. முப்பது நாற்பது முழம் ஓடிய பிறகே எழும்பி வானில் வட்டமிட்டுக் கூக்குரல் எழுப்பிற்று. முதல் மூன்று நாளும் இதே கூத்துத்தான் நடந்திருக்க வேண்டும். நாங்கள்தான் குரலை நம்பி ஏமாந்திருக்கிறோம்.

கூடு என்று சொல்வதற்கு அங்கே ஒன்றுமில்லை. உள்ளங்கையளவு ஒரு பள்ளம். சுற்றிலும் சிறு கற்களும் நாலைந்து ஆட்டுப் புழுக்கைகளும். நடுவில் நான்கு முட்டைகள், கூரிய முனைகள் நான்கும் உள்நோக்கிச் சேர்ந்திருக்க, பம்பரங்களை அடுக்கி வைத்ததுபோல் கிடந்தன. மண்ணிறத்தில் கரிய திட்டுகள். கண்ணை ஒரு கணம் எடுத்துவிட்டு மீண்டும் பார்த்தால் முட்டை எது, கல் எது என்று மறுபடி தேடவேண்டும். அப்படி முனைகளை உள்ளே வைத்து அடுக்கினால்தான் நான்கு பெரிய முட்டைகளை ஒரு சிறிய வயிறு மூடமுடியும் என்பதைப் பிற்காலத்தில் படித்து அறிந்தேன். பறவையின் உடலுக்கு அவை பெரிய முட்டைகளே. கொண்டைக் குருவியின் முட்டை பன்னிரண்டு, பதினான்கு நாளில் பொரித்துக் கண் திறவாத குஞ்சைத் தரும். ஆள்காட்டி 28 முதல் 30 நாள் அடைகாக்கும். அத்தனை நாளும் உள்ளேயே வளர்ந்து, பொரித்த சில மணி நேரத்தில் ஓடக்கூடிய குஞ்சு வெளிவரும். தரையிலே பிறப்பவனுக்குத் தாமதிக்க நேரமில்லை.

அடுத்த இரண்டு வாரம் அந்தப் பாறையே எங்களுக்குப் பள்ளிக்கூடமாயிற்று. ஒன்று எழுந்தால் மற்றது வந்து அமரும். நடுப்பகல் வெயிலில் ஆண் வந்து பெண்ணை விடுவிக்கும் என்று அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கு ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே தெரிந்தன. வெயில் கடுமையான ஒரு நாளில் பறவைகளுள் ஒன்று ஓடைக்குள் இறங்கி வயிற்றை நீரில் அமிழ்த்தி அமிழ்த்தி எழுந்தது. குளிக்கிறது என்று சிரித்தோம். அது நனைந்த வயிற்றோடு நேரே ஓடிவந்து முட்டைகளின்மேல் அமர்ந்தது. சரளையின் சூட்டில் முட்டை வெந்துவிடாமல் நீர் சுமந்து வந்து குளிர்விக்கிறது என்பது அப்போது எங்களுக்கு விளங்கவில்லை. குடமும் இல்லை, கையும் இல்லை. இறகிலே நீர் சுமக்கிறது! எங்கள் தாய்மார் அதே ஓடையிலிருந்து இடுப்பிலே குடம் சுமந்து லயத்துக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள்.

மற்றொரு நாள் லயத்துப் பசு ஒன்று மேய்ந்துகொண்டே முட்டைகளை நோக்கி வந்தது. மனிதனைக் கண்டால் ஓசையின்றி நழுவும் அந்தப் பறவை, பசுவைக் கண்டதும் நழுவவில்லை. எழுந்து நின்று, இரண்டு சிறகுகளையும் அகல விரித்து, பசுவின் முகத்துக்கு நேரே நின்றது. பசு திடுக்கிட்டு விலகிப் போயிற்று. பசு முட்டையைத் தின்னாது, தெரியாமல் மிதித்துவிடும். அதற்கு இடத்தைக் காட்டி, "இங்கே மிதிக்காதே" என்று சொல்லவேண்டும். மனிதனுக்கும் கீரிக்கும் இடத்தை மறைக்கவேண்டும். எவருக்கு எதைக் காட்டுவது, எவருக்கு எதை மறைப்பது என்ற பகுத்தறிவு அந்தச் சிறிய தலைக்குள் எப்படி வந்ததோ தெரியாது; பிழையின்றி இருந்தது.

அந்த மாதத்தின் நடுவிலே என் தோழனின் வீட்டுக்குப் பாஸ்போட் வந்துவிட்டது.

அக்காலத்துக் கதையை இளைய வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையக மக்களிற் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் உரியவரல்லர் என்றாகிவிட்டனர். 1964 அக்டோபரில் செய்யப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பாதிபாதியாகப் பங்கிட்டது 1974ஆம் ஆண்டிலேதான். ஒரே லயத்தில் ஒரு காம்பரா இந்தியாவுக்கும் அடுத்த காம்பரா இலங்கைக்கும் என்று பிரிந்தன. நாங்கள் இலங்கைப் பக்கம். அவர்கள் இந்தியப் பக்கம். பதுளைப் புகையிரத நிலையத்தில் 1924இல் முதற் கோச்சி வந்த நாளிலிருந்து, அந்த ஆண்டுகளில் சிந்தப்பட்ட அளவு கண்ணீர் வேறெப்போதும் சிந்தப்பட்டிருக்காது என்றே நினைக்கிறேன்.

புறப்படும் நாளில் என் தோழன் அழவில்லை. கோச்சி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "முட்டை பொரிச்சா கடிதம் போடு. நாலுமா பொரிச்சுதுன்னு சரியா எண்ணிப் போடு. எவன்கிட்டயும் எடத்தைக் காட்டிராத" என்றான். நானும் சத்தியம் செய்தேன்.

வாசகர்களுள் அறுபதைத் தாண்டியவர்களுக்கு 1973ஆம் ஆண்டின் இறுதியும் 1974உம் எப்படி இருந்தன என்று நான் சொல்லத் தேவையில்லை. உலகெங்கும் தானிய விலை ஏறியிருந்தது. பங்கீட்டு அரிசி குறைந்தது. கோதுமை மா எட்டாத விலையாயிற்று. ஊரிலே வயல் உள்ளவனுக்கு நெல் இருந்தது, பலாமரம் உள்ளவனுக்குப் பலாக்காய் இருந்தது. லயத்தில் இருப்பவனுக்கு நிலம் ஏது? எங்கள் தோட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாட்பேர்தான் கிடைத்தது. மரவள்ளிக் கிழங்கும் காட்டுக் கீரையும் அகப்பட்ட நாள் நல்ல நாள். என் தங்கைக்கு அப்போது மூன்று வயது. அவளுடைய கால்களும் முகமும் ஊதத் தொடங்கியிருந்தன. தோட்டத்து மருந்தகத்தில், "முட்டை, பால் கொடுங்க" என்று சொன்னார்களாம். அம்மா அதை வீட்டில் வந்து சொல்லிவிட்டு வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முட்டை என்ற அந்தச் சொல் என் காதில் விழுந்துவிட்டது.

அடுத்த நாள் பிற்பகல் நான் தனியே பாறைக்குப் போனேன். நான்கையும் எடுக்க மனம் வரவில்லை. இரண்டு எடுத்தால் இரண்டு மிஞ்சும். அவனுக்கும் கடிதம் எழுதலாம், தங்கைக்கும் ஆகும் என்று பதினொரு வயது மூளை கணக்குப் போட்டது. பறவை வழக்கம்போலத் தலை தாழ்த்தி ஓடிற்று. நான் குனிந்து கையை நீட்டியபோது ஓட்டம் நின்றது. இரண்டும் சேர்ந்து தலைக்கு நேராகப் பாய்ந்து வந்தன. சிறகின் காற்று என் காதில் பட்டது. அதுவரை கேட்டறியாத ஒரு குரலில் அலறின. மறைக்க வேண்டியது வெளிப்பட்டுவிட்ட பின் அவற்றிடம் தந்திரம் ஒன்றும் மிஞ்சவில்லை. நான் இரண்டை மடியில் கட்டிக்கொண்டு ஓடினேன்.

அப்பாயிதான் வீட்டில் இருந்தாள். தமிழ்நாட்டில் பிறந்து, கைக்குழந்தையாகக் கடல் கடந்து வந்தவள். முட்டைகளை வாங்கி ஒவ்வொன்றாகக் குப்பி விளக்கின் முன்னே பிடித்துப் பார்த்தாள். பிறகு காதருகே வைத்தாள். வெகுநேரம் பேசவில்லை.

"இது முட்டை இல்ல ராசா. குஞ்சு" என்றாள். "ஓடுதான் பாக்கி. எடுத்த எடத்துலயே கொண்டுபோய் வச்சிட்டு வா."

அதற்குள் இருட்டிவிட்டது. பத்தனைப் பக்கம் சிறுத்தை நடமாட்டம் உண்டு. என்னை அனுப்ப அவளுக்குத் துணிவில்லை. பழஞ்சேலைத் துண்டில் முட்டைகளைச் சுற்றி, ஒரு சிரட்டையில் வைத்து, அடுப்பின் ஓரத்தில் சாம்பற் சூட்டில் வைத்தாள். சூடு விடியும்வரை நிற்கும் என்றுதான் அவளும் நினைத்தாள். ஆனால் அன்றிரவு அடுப்பில் ஏற்றுவதற்கு ஒன்றுமில்லாதிருந்தது. மாலையில் காய்ச்சிய தேயிலைச் சாயத்தைக் குடித்துவிட்டுப் படுத்தோம். சமையல் இல்லாத வீட்டில் விறகை யார் எரிப்பார்கள்? நள்ளிரவுக்கு முன்பே சாம்பல் ஆறியிருக்க வேண்டும். பத்தனைக் காற்று லயத்துக் கதவின் இடுக்குகளில் நுழையும் குளிர் எப்படிப்பட்டது என்று அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

விடியற்காலையில், பெரட்டுக்குத் தப்பு அடிக்கும் முன்பே, முட்டைகளை எடுத்துக்கொண்டு ஓடினேன். பறவை எஞ்சிய இரண்டின்மேல் அமர்ந்திருந்தது. அது எழுந்து ஓடியதும், முனைகளை உள்நோக்கி வைத்து, முன்பிருந்தபடியே அடுக்கிவிட்டுப் பாறைக்குப் பின்னே போய்ப் படுத்தேன். என் கை பட்டதை ஏற்குமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கால் மணி நேரத்தில் திரும்பி வந்தது. நின்று பார்த்தது. அலகினால் ஒரு முட்டையை மெல்லத் திருப்பிற்று. பிறகு வயிற்று இறகைச் சிலுப்பிக்கொண்டு நான்கின்மேலும் அமர்ந்தது.

எட்டாம் நாள் இரண்டு குஞ்சுகள் பொரித்தன. மண்ணும் கரியும் கலந்த நிறத்தில் பஞ்சுருண்டை. பிடரியில் ஒரு வெள்ளை வளையம். நான் நெருங்கியதும் தாய் ஒரு குரல் கொடுத்தது. ஓடிக்கொண்டிருந்த குஞ்சுகள் இரண்டும் அப்படியே தரையோடு தரையாய் ஒட்டிக்கொண்டன. என் காலடியில் ஒரு சாண் தூரத்தில் கிடந்த ஒன்றை, அது கண் சிமிட்டியிராவிட்டால் மிதித்திருப்பேன். பெரிய பறவை ஒரு சிறகை முறிந்ததுபோல் இழுத்து இழுத்து எதிர்த்திசையில் தள்ளாடிக்கொண்டு போயிற்று. அந்த நாடகத்துக்கு மரியாதை செய்து நானும் அதன் பின்னே கொஞ்ச தூரம் போனேன்.

மாலையில் பெற்றோர் இரண்டும் குஞ்சுகளை ஓடைப் பக்கம் நடத்திச் சென்றன. மற்ற இரண்டு முட்டைகள் பள்ளத்திலேயே கிடந்தன. பறவை மறுநாளும் ஒருமுறை வந்து அவற்றின்மேல் சிறிது நேரம் அமர்ந்து பார்த்தது. அதற்கும் அடுத்த நாள் அவை இல்லை. கீரியோ காகமோ கொண்டுபோயிருக்கும். நான் எடுத்த இரண்டும் எவை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவற்றுள் ஒன்றில் திட்டுகள் சேர்ந்து ஒரு பிறைபோல் இருந்தது.

தங்கை பிழைத்துக்கொண்டாள். அவளைப் பிழைக்க வைத்தது முட்டையன்று. அம்மா கழுத்தில் கிடந்த ஒரு சிறு தங்கமணியைப் பதுளைக் கடையொன்றில் விற்று வாங்கிய பால்மா. இன்று அவள் எட்டியாந்தோட்டைப் பக்கத்தில் பேரப் பிள்ளைகளோடு இருக்கிறாள். இந்தக் கட்டுரையை அவள் படித்தால்தான் முட்டை விஷயம் அவளுக்கே தெரியவரும்.

செப்டம்பரில் நீலக் கடிதம் வந்தது. நீலகிரி மாவட்டம் கூடலூருக்கு அருகே, தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாடு அரசாங்கம் உண்டாக்கிய தேயிலைத் தோட்டமொன்றில் அவர்கள் குடியேறியிருந்தார்கள். மறுபடியும் தேயிலைதான். கடிதத்தின் முதல் வரியில் என் வீட்டார் சுகம். இரண்டாம் வரியில், நாலும் பொரித்தனவா என்ற கேள்வி. நான் பதில் எழுதினேன்: நாலும் பொரித்தன. எழுதியது ஒரு நிமிட வேலை.

அவன் மறுகடிதத்தில் மகிழ்ச்சி தெரிவித்திருந்தான். அங்கேயும் ஆள்காட்டி இருக்கிறது, அதே குரல், ஆனால் நம்முடையதைவிடக் கொஞ்சம் பெரியது என்றும் எழுதியிருந்தான். நான் அதை நம்பவில்லை. புது ஊரைப் பற்றிப் பெருமை பேசுகிறான் என்று எண்ணிக்கொண்டேன்.

ஆசிரியத் தொழிலுக்கு வந்து, ஆங்கிலப் புத்தகங்களைத் தட்டுத்தடுமாறிப் படிக்கத் தொடங்கிய பின்னரே அவன் கண்ணின் கூர்மை எனக்குப் புரிந்தது. 1783இல் ஒல்லாந்த அறிஞர் பொட்டார்ட் இப்பறவைக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். அதற்கு ஆதாரமான பறவை கோவாவைச் சேர்ந்தது. இலங்கையில் வாழ்வது அதே இனந்தான் எனினும், சற்றுச் சிறியதும் நிறத்தில் கருமை கூடியதுமான ஒரு தனிப் பிரிவு என்று 1939இல் வகுத்தார்கள். அதன் பெயரில் இலங்கையின் பெயரும் சேர்ந்திருக்கிறது. அதிகாரிகளும் ஒப்பந்தங்களும் மனிதரைப் பிரித்ததைவிட இந்தப் பிரிவுக்கு நியாயம் அதிகம். இறகையும் அளவையும் பார்த்துச் செய்தார்கள். இதற்கு மாறான ஒரு செய்தியும் அண்மையில் வந்தது. மன்னார்க் கடற்கரை மணலிலும் எதிர்க்கரையில் தென்னிந்தியாவிலும் முட்டையிடும் ஒரு சிறு உப்புக்கொத்தியை 2023இல் தனி இனமாக ஏற்று, அதற்கு அனுமன் பெயரை வைத்திருக்கிறார்கள். கடலின் இரு கரைக்கும் பொதுவான பறவைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

ஜி. எம். ஹென்றி என்பவர் 1955இல் வெளியிட்ட இலங்கைப் பறவைகள் பற்றிய நூல் எனக்கு ஒரு பழைய புத்தகக் கடையில் அகப்பட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலேயே 1891இல் பிறந்து, கொழும்பு அருங்காட்சியகத்தில் பணிபுரிந்தவர். படங்களையும் தாமே தீட்டியவர். துரைமார் வீட்டுப் பிள்ளைதான். ஆனாலும் தோட்டத்தில் பிறந்தவர் எழுதிய நூல் என்ற உறவுரிமையோடு அதை நான் படித்தேன். ஆள்காட்டியின் குரல் ஆங்கிலேயர் காதில் எப்படி விழுந்தது என்பதும் அக்காலப் படிப்பிலே தெரியவந்தது. "டிட் ஹீ டூ இட்" என்று கேட்டதாம். அந்தச் சொற்றொடரையே அவர்கள் பறவைக்குப் பெயராகவும் வைத்துவிட்டார்கள். அவனா அதைச் செய்தான்? வகுப்பறையில் தனியே உட்கார்ந்து அந்த வரியைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். அன்றிலிருந்து வயற்பக்கம் அது கத்தும்போதெல்லாம் எனக்கு வேறு எப்படியும் கேட்பதில்லை.

முட்டை இழப்பு இப்பறவைக்குப் புதிதன்று. இந்தியாவில் நடந்த ஓர் ஆய்வில், இட்ட முட்டைகளில் நூற்றுக்கு 43 வரை அழிந்துபோனதாகக் கண்டிருக்கிறார்கள். கீரி, காகம், பருந்து என்று பட்டியல் நீளும். பஞ்சதந்திரத்தில் கடல் ஆள்காட்டியின் முட்டைகளைக் கொண்டுபோகிறது. பறவை கருடனிடம் முறையிட்டு, திருமால் வரையில் வழக்கைக் கொண்டுசென்று, முட்டைகளை மீட்டுவிடுகிறது. வடநாட்டிலோ, வானம் இடிந்து விழுந்தால் தாங்கிக்கொள்வதற்காக இப்பறவை கால்களை மேலே தூக்கி வைத்துக்கொண்டு உறங்கும் என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். எதுவுமில்லாத வெறும் பூமியில் நான்கு முட்டையை இட்டுவிட்டு, ஆளையும் மாட்டையும் எதிர்த்து நிற்கும் பிராணியைப் பற்றி வேறென்ன கதை கட்டுவார்கள்? புகையிரதப் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கிடையே கிடக்கும் கற்களில்கூட அது முட்டையிட்டதைப் பதிவு செய்திருக்கிறார்கள். கோச்சி வரும்போது எழுந்து ஒதுங்கி நிற்குமாம். போன பிறகு மறுபடி வந்து அமருமாம்.

எங்கள் கடிதங்கள் சில ஆண்டுகளில் நின்றுபோயின. சண்டை ஒன்றுமில்லை. முகவரிகள் மாறின, 1983உம் வந்து போயிற்று.

சென்ற ஆண்டு, அவனுடைய பேரன் ஒருவன் எங்கெங்கோ விசாரித்து என் தொலைபேசி எண்ணைக் கண்டுபிடித்துவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மணி அடித்தது. ஐம்பது ஆண்டுக்குப் பின் கேட்கும் குரல், கிழவன் குரல், ஆனாலும் "டேய்" என்ற முதற் சொல்லிலேயே தெரிந்துவிட்டது. யார் இருக்கிறார்கள், யார் போனார்கள் என்று பேசி முடிக்கவே அரைமணி ஆயிற்று. அப்போது அவன் பக்கத்தில் தூரத்தே அந்தப் பறவை கத்தியது எனக்குக் கேட்டது.

"மச்சான்," என்றேன், "உனக்கு நான் ஒரு பொய் எழுதியிருக்கேன். நாலும் பொரிக்கல. ரெண்டுதான். மத்த ரெண்டையும் நான் எடுத்துட்டேன்." அடுப்பையும், சாம்பலையும், தங்கையின் கால் வீக்கத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். ஐம்பது ஆண்டுகளாக ஒத்திகை பார்த்த பேச்சு. சொல்லும்போது இரண்டு நிமிடங்கூட ஆகவில்லை.

அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: "அப்ப அன்னைக்கு ராத்திரி நீங்க என்னத்தடா சாப்பிட்டீங்க?"

"சாயம் குடிச்சோம்" என்றேன்.

அவன் மறுமொழி சொல்லவில்லை. கதவு திறக்கும் ஓசை கேட்டது. தொலைபேசியை வெளியே நீட்டிப் பிடித்தான் போலும். பறவையின் குரல் கிட்டத்தில் வந்தது. கூடலூர்ப் பறவை, நம்முடையதைவிடக் கொஞ்சம் பெரியது. அது ஓய்ந்து பறந்துபோகும் வரையில் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.